சொந்தக்காரர் இல்லாத பள்ளத்தாக்கு

மச்சாள்,

இன்று வெள்ளிக்கிழமை. உருளைக்கிழங்குப் பிரட்டலுக்குத் தூள் எடுக்கக் குசினி அலுமாரிக்குள் கையை விட்டேன். எங்கள் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் அந்தச் சின்னச் சிவப்புத் தகரப்பேணி அகப்பட்டது. மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினேன். புகை மணம் குப்பென்று வந்தது. ஸ்பெயின்காரர் மிளகாயை வெயிலில் போடாமல், கருவாலி விறகின் புகையில் காயவைத்து இடித்த தூள். "இதில உறைப்பில்லை, ஆனா நிண்டு பார்க்க வைக்குது" என்று நீங்கள் சொன்ன அதே தூள். அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்க, நான் பேணியை மூக்கில் பிடித்தபடி நின்றேன். இவர் வந்து அடுப்பை நிற்பாட்டிவிட்டுப் போய்விட்டார். நீங்கள் போனதிலிருந்து இந்த வீட்டில் அடுப்பு அடிக்கடி இப்படித்தான் நிற்கிறது.

அந்தக் கல்யாணத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது, நினைவிருக்கிறதா? இங்கே ஜெர்மனியில், டோட்முண்டில், கார்க் கம்பனிகளுக்கு நடுவே இருந்த பெரிய மண்டபம். வாசலில் இங்கே பிறந்து வளர்ந்த ஒரு சின்னப் பிள்ளை தட்டோடு நின்றாள். சந்தனம், குங்குமம், கற்கண்டு, துண்டு துண்டாக நறுக்கிய மல்லிகைச் சரம். அவளுக்கு ஒரு வில்லங்கமும் தெரியாது. எனக்கு நீட்டினாள், பிறகு உங்களுக்கும் சிரித்துக்கொண்டே நீட்டினாள். உங்கள் கை பாதி வரைக்கும் போய்விட்டது. அதற்குள் பின்னால் நின்ற பெரிய மனுசி ஒருத்தி அந்தப் பிள்ளையின் முழங்கையைப் பிடித்து மெல்ல மற்றப் பக்கம் திருப்பினாள். "அவவுக்கு வேண்டாம், பிள்ளை" என்று மட்டும் சொன்னாள். ஏச்சும் இல்லை, பேச்சும் இல்லை. தட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டது. நீங்கள் நீட்டிய கையால் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தீர்கள்.

உங்கள் மனுசன், என் அண்ணா, போய் அப்போது ஏழெட்டு வருடம் இருக்கும். உயிரோடு இருந்த காலத்தில் ஒவ்வொரு வெள்ளியும் தமிழ்க்கடைக்குப் போய், விமானத்தில் வந்து இறங்கிய மல்லிகைச் சரத்தைக் கடதாசியில் சுற்றி வாங்கி வருகிறவர் அவர். வாடிப்போய்த்தான் இருக்கும். விலையோ கொள்ளை. "உந்தக் காசுக்கு ஒரு கோழி வாங்கலாம்" என்று நீங்கள் வாயால் ஏசுவீர்கள். ஏசிக்கொண்டே கொண்டையில் குத்துவீர்கள். அவருடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவோடு அதுவும் நின்றுபோனது. நிறுத்து என்று ஒருவரும் உங்களிடம் சொல்லவில்லை. சொல்லாமலே நடக்கிற காரியங்களில் எங்கள் சனம் கெட்டி.

கல்யாணம் முடிந்து திரும்பி வரும்போது காருக்குள், எங்கள் ஊரான ஹம் பெயர்ப்பலகை கண்ணில் பட்ட பிறகுதான் வாய் திறந்தீர்கள்.

"ஒரு சொந்தக்காரரும் இல்லாத இடத்துக்கு ஒருக்காப் போக வேணும். போய் ஒரு பூமரத்துக்குக் கீழ நிக்க வேணும்."

"ஏன் மச்சாள், மரத்தில பிடுங்கி வைக்கப் போறியளோ?"

"சீ, நான் ஏன் வைக்கிறன்? நானா வைச்சாத்தானே குற்றம்? தானா தலையில விழுந்தா ஆர் என்ன சொல்லுறது?"

"அப்ப நான் ஆர்? நானும் சொந்தக்காரிதானே? அதுவும் செத்தவரின்ரை கூடப்பிறந்த தங்கச்சி."

"நீர் ஒருத்திதானே" என்றீர்கள். "உம்மைச் சமாளிப்பன்."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதுதான் இது பகிடி இல்லை என்று எனக்கு விளங்கியது.

உங்கள் குசினிச் சுவரில் இரண்டு கலண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்று கோயிலில் தருகிற பஞ்சாங்கக் கலண்டர். மற்றது மருந்துக்கடையில் வருடா வருடம் சும்மா தருகிற படக் கலண்டர். அந்த வருடம் மருந்துக்கடைக் கலண்டரில் ஏப்ரல் மாதப் படம் ஒரு பள்ளத்தாக்கு. மலை இரண்டும் அடியிலிருந்து தோள் வரை வெள்ளை வெளேரென்று. பனி என்றுதான் நான் முதலில் நினைத்தேன். செர்ரிப் பூ. கீழே சின்ன எழுத்தில் ஸ்பெயின், எஸ்த்ரமதூரா, ஹெர்த்தே பள்ளத்தாக்கு என்று இருந்தது. ஏப்ரல் போய், ஆடி வந்து, மார்கழியும் வந்தது. உங்கள் சுவரில் மட்டும் ஏப்ரல்தான். ஒருநாள் அதைச் சுட்டிக்காட்டி, "அங்க எங்கட ஆக்கள் இருக்கினமோ எண்டு விசாரியும்" என்றீர்கள். விசாரித்தேன். ஒருத்தரும் இல்லை. "அப்ப அதுதான்" என்றீர்கள்.

எங்கள் ஆட்களுக்கு உர்லாப், அதுதான் விடுமுறைப் பயணம், என்றால் என்ன, மச்சாள்? பாரிசில் மாமி வீடு, லண்டனில் சித்தப்பா வீடு, சுவிசில் ஆரோ சொந்தக்காரரின் பிள்ளைக்குச் சாமத்திய வீடு. காரின் பின்பக்கம் முழுக்கப் பலகாரமும் மரக்கறியும். போய் இறங்கி, சாப்பிட்டு, மற்றச் சொந்தக்காரரைப் பற்றிக் கதைத்து, சாப்பிட்டு, திரும்பி வருவது. ஈபிள் கோபுரத்தை இத்தனை வருடத்தில் நான் மாமி வீட்டுப் பல்கனியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன், அதுவும் உச்சி மட்டும். நாங்கள் ஸ்பெயினுக்குப் போகப்போகிறோம் என்றதும் இவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன் போறியள்?"

"அதுக்குத்தான்" என்று நீங்கள் சொன்னீர்கள். மனுசன் இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டது.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, மச்சாள், பிறகு நீங்கள் செய்த வேலை இருக்கிறதே! பூ எப்போது பூக்கும் என்று என் மகள் இணையத்தில் பார்த்துச் சொன்னாள். மார்ச் கடைசி, இல்லாவிட்டால் ஏப்ரல் தொடக்கம். பூத்தால் ஒரு கிழமை, மிஞ்சிப்போனால் பத்து நாள்தான் நிற்கும் என்றும் சொன்னாள். நான் முதியோர் இல்லத்தில் லீவுக்கு எழுதிக் கொடுத்து, பிளைட்டும் பார்த்து வைத்தேன். நீங்கள் மற்றக் கலண்டருக்குப் போனீர்கள்.

"சனிக்கிழமை ஏலாது. அட்டமி."

"அப்ப ஞாயிறு."

"நவமி எல்லோ? அட்டமி நவமியில ஆரும் வெளிக்கிடுவினமோ?"

"திங்கள்?"

"திங்கள் கிழக்க சூலம்."

"நாங்கள் தெற்க எல்லோ போறம்!"

"விமான நிலையம் எந்தப் பக்கம்?"

கண்டறியாத சாத்திரம்! பூ வைக்க விடாத ஊரை விட்டு ஓடப் பார்க்கிற மனுசி, ஓடுவதற்கு நல்லநேரம் பார்க்கிறா என்று நான் கத்தினேன். "அது வேற, இது வேற" என்றீர்கள். எது வேறு, எது எது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. செவ்வாயும் ஆகாது என்று தள்ளி, அடுத்த கிழமை எனக்கு வேலையில் ஆள் இல்லையென்று தள்ளி, கடைசியில் வெகு சுபமான ஒரு புதன்கிழமை காலையில், சுபவேளையில், தேங்காய் உடைத்து வெளிக்கிட்டோம்.

மட்ரிட்டில் இறங்கிக் கார் எடுத்து, மலைகளைச் சுற்றி நான் ஓட்டிக்கொண்டு போனேன். நீங்கள் பக்கத்தில் இருந்து மருந்துக்கடைக் கலண்டரின் ஏப்ரல் தாளை மடியில் விரித்து வைத்திருந்தீர்கள். பள்ளத்தாக்கு வந்தது. அதே மலை, அதே வளைவு, அதே ஆறு. எல்லாம் பச்சை. தாளைப் பார்த்தீர்கள், யன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள், திரும்பவும் தாளைப் பார்த்தீர்கள். தெருவோரமெல்லாம் பழுப்பு நிறத்தில் பூவிதழ் மக்கிக் கிடந்தது. பெற்றோல் அடிக்க இறங்கிய இடத்தில் ஒருவன் கையை விரித்துக் காட்டினான். அந்த வருடம் வெயில் முந்திவிட்டதாம்.

நான் உங்களை ஏசுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தீர்கள். "வந்தது வந்தம். வேற என்ன பார்க்கக் கிடக்கெண்டு பாரும்" என்றீர்கள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அண்ணாவின் செத்தவீட்டில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தீர்களா என்று கேட்ட குரல்.

சரி, பார்த்தோம். அடுத்த நாள் முழுக்கச் சுற்றுலாக்காரர் போல் பார்த்தோம். பிளசென்சியா என்ற பழைய நகரத்தின் மதிலைப் பார்த்தோம். தேவாலயக் கோபுரமெங்கும் நாரைகள் கூடு கட்டி அலகைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. "கோபுரத்தில குடியிருக்க உதுகளை ஆர் விட்டது? ஐயர் பேசமாட்டாரோ?" என்று கேட்டீர்கள். பிறகு மொன்ஃப்ராகுவே என்ற காட்டுப் பக்கம் போய், ஆற்றுக்கு அங்கால் நிற்கிற பெரும்பாறையில் பிணந்தின்னிக் கழுகுகளைப் பார்த்தோம். தலைக்கு மேலே வந்து வட்டமடித்தன. "எங்கட வயசு உதுகளுக்கும் தெரிஞ்சு போச்சுதோ?" என்றீர்கள். பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்ற ஜெர்மன்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நான் சிரித்தேன். நீங்கள் என்னைச் சிரிக்கவைக்கத்தான் பாடுபட்டீர்கள் என்பது காரில் ஏறிய பிறகுதான் விளங்கியது. ஏறினதும் மடித்து வைத்த தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து விரித்தீர்கள்.

தங்கியிருந்த வீட்டுக்காரி பிலார். எங்களைவிட வயது கூடிய மனுசி. முதல் நாளே எங்களுக்கு வாய் பிளந்துபோனது. இளம் வயதில் ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து, டோட்முண்ட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தவவாம். எங்கள் ரூர் பக்கத்து ஜெர்மன் பேச்சான டொச்சை எங்களைவிட நன்றாகக் கதைத்தா. "ஒரு சொந்தக்காரரும் இல்லாத இடமெண்டு வந்தால், இஞ்ச பக்கத்து வீட்டுக்காரி!" என்று தமிழில் என் காதுக்குள் சொன்னீர்கள். வியாழன் இரவுச் சாப்பாட்டில், எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று பிலார் கேட்டா. நான் பூப் பார்க்க என்று சொல்லி முடிக்கப் பார்த்தேன். நீங்கள் விடவில்லை. உங்களுக்குத் தெரிந்த டொச்சில், வினைச்சொல்லை எல்லாம் கண்ட கண்ட இடத்தில் போட்டு, தட்டுக் கதையிலிருந்து கலண்டர்க் கதை வரை முழுவதும் சொன்னீர்கள். வேறொருவரிடம் நீங்கள் அதைச் சொல்லி நான் கேட்டது அன்று மட்டும்தான்.

பிலார் பாணைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு தன் தாயைப் பற்றிச் சொன்னா. இளம் வயதில் புருசனை இழந்து, சாகும்வரை கறுப்புத்தான் உடுத்தாவாம். "நானும் என்ரை மனுசன் செத்தாப் பிறகு கறுப்புத்தான் போட்டன்" என்றா. "ஒருநாள் சந்தைக்குச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனன். ஊர் முழுக்க என்னைத்தான் கதைச்சுது. பிறகு ஆரின்ரையோ கழுதை காணாமல் போச்சு. எல்லாரும் கழுதையைக் கதைக்கத் தொடங்கிட்டினம்."

நீங்கள் அப்படிச் சிரித்ததை நான் அண்ணா போனபின் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். அது எல்லாமே சிரிப்புத் தண்ணீர்தான் என்று நான் சொல்லமாட்டேன்.

எழும்பிப் போகும்போது பிலார் சொன்னா, பள்ளத்தாக்கின் தலைப்பக்கம், தோர்னவாகாஸ் ஊருக்கும் மேலே குளிர் கூட, அங்கே மரங்கள் பிந்தித்தான் பூக்கும், இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்று. ஆனால் மத்தியானம் மழை சொல்லியிருக்கிறார்களாம். மழை விழுந்தால் எல்லாம் கொட்டுண்டுவிடும், ஆனபடியால் காலையிலேயே போகச் சொன்னா.

அடுத்த நாள் வெள்ளி. குளித்து, திருநீறு பூசி, காப்பி குடித்து, எல்லாம் முடிய நேரம் பத்தரை ஆகிவிட்டது. காரடிக்கு வந்த நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றீர்கள். வெள்ளி பத்தரைக்கு என்ன தொடங்கும் என்று எனக்குத் தெரியும். மலை உச்சியில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. போச்சு, பன்னிரண்டு மணி வரை இந்த மனுசி அசையாது என்று நினைத்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. இதை நான் சொல்லி நீங்கள் ஏறக்கூடாது என்று ஏனோ பட்டது.

"இராகுகாலம்" என்றீர்கள்.

"ஓம்."

கதவைத் திறந்து ஏறி இருந்து, பெல்ற்றைப் போட்டீர்கள்.

"எடும் காரை. இராகுவுக்கும் இஞ்ச சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை."

அந்த மலைப்பாதையில் நான் ஓட்டிய ஓட்டத்துக்கு இங்கே என்றால் லைசென்ஸ் போயிருக்கும். ஊர் தாண்டி, வளைவு வளைவாக ஏற, ஓரிடத்தில் கல் அடுக்கிக் கட்டிய படித்தோட்டம். அதில் பத்துப் பன்னிரண்டு மரம், ஒரு இலை இல்லாமல் அத்தனையும் பூ. காரை ஓரம் கட்டினேன். நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சப்பாத்துக்காலோடு கல்லைத் தாண்டி ஏறி, ஒரு மரத்துக்குக் கீழே போய் நின்றீர்கள். கைகளைக் கோர்த்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து.

ஒன்றும் விழவில்லை.

காற்றும் இல்லை. அன்றைக்கு முதல் நாள்தான் விரிந்த பூப்போல் இருந்தது, ஒவ்வொன்றும் கொப்பைப் பிடித்த பிடி. நீங்கள் நின்றீர்கள். நான் கீழே தெருவில் நின்றேன். மேகம் வேறு இறங்கி வந்தது. ஒருமுறை நிமிர்ந்து பூவைப் பார்த்தீர்கள். பிறகு திரும்பவும் குனிந்துகொண்டீர்கள். பிடுங்கமாட்டீர்கள். தொடவும் மாட்டீர்கள். தானாக விழ வேண்டும். அது உங்கள் சட்டம்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மரத்தில், மேகத்தில், வாசலில் தட்டைத் திருப்பிய மனுசியில், எல்லாவற்றிலும். கல்லில் முழங்காலை ஊன்றி ஏறி வந்து, உங்கள் தலைக்கு மேல் நின்ற கொப்பை இரண்டு கையாலும் பிடித்து ஓர் உலுப்பு உலுப்பினேன். பிறகும் உலுப்பினேன். கொட்டியது, மச்சாள்! நரைத்த தலையில், தோளில், மூக்குக் கண்ணாடியில், சேலை மடிப்பில். செத்தவருடைய தங்கச்சி ஆட்ட, செத்தவருடைய மனுசி நனைய. "அண்ணா, கோவிக்காதை" என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

"அவர் ஏன் கோவிக்கிறார்? உந்தக் காசுக்கு ஒரு கோழி வாங்கலாமெண்டு சொல்ல ஆளில்லை எண்டுதான் கவலைப்படுவார்" என்றீர்கள்.

கையைத் தூக்கி, தலையில் பூ எங்கெங்கே இருக்கிறது என்று விரல் நுனியால் தடவிப் பார்த்தீர்கள். ஒன்றைக்கூட எடுத்துப் போடவில்லை. மழை தொடங்கும்வரை அப்படியே நின்றோம். திரும்பி வந்த கோலத்தைப் பார்த்து பிலார் துவாய் எடுத்துத் தந்தா. அன்றைக்குப் பெரிய வெள்ளிக்கு முந்திய வெள்ளி, அவவுக்கும் இறைச்சி இல்லாத நாள். நீங்கள் அவவின் குசினியைப் பிடித்துக்கொண்டு அந்தப் புகைத்தூளில் உருளைக்கிழங்குப் பிரட்டல் செய்தீர்கள். நாங்கள் வெளிக்கிடும்போது பிலார் இந்தப் பேணியைக் கையில் தந்து அனுப்பினா. காருக்குள் ஏறியும் உங்கள் கொண்டையில் ஓர் இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. சொன்னால் எடுத்துவிடுவீர்கள் என்று நான் சொல்லவில்லை. அது உங்களுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வந்து நீங்கள் புரட்சி ஒன்றும் செய்யவில்லை. கல்யாண வீடுகளில் தட்டைக் கண்டால் பழையபடி ஒதுங்கி நடந்தீர்கள். ஆனால் போகும்போது என் பக்கம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டுவீர்கள். மருந்துக்கடை அடுத்த வருடம் தந்த கலண்டரில் ஏப்ரலுக்கு ஏதோ கடற்கரை. அதை ஏப்ரலிலேயே கிழித்தீர்கள்.

போன மார்கழியில், சொல்லாமல் கொள்ளாமல், நித்திரையிலேயே போய்விட்டீர்கள். அதற்கு மட்டும் கலண்டர் பார்க்கவில்லை.

பாரிஸ், லண்டன், சுவிஸ், எல்லாச் சொந்தக்காரரும் வந்தார்கள். செத்தவீட்டு மண்டபத்தின் பின்னறையில் பெண்கள் உங்களுக்குச் சேலை உடுத்தினோம். முடித்து எல்லாரும் விலகிய பிறகு, நான் கைப்பையைத் திறந்து கடதாசிச் சுருளை எடுத்தேன். காலையில் கடைக்காரத் தம்பி கொண்டு வந்து தந்த சரம். வழமைபோல வாடியிருந்தது. கொண்டைக்குக் குத்தப் போக, பாரிஸ் மாமி என் முழங்கையைப் பிடித்தா.

"என்ன பிள்ளை இது? அவ புருசன் இல்லாதவ எல்லோ?"

"ஓம் மாமி. அந்தப் புருசன்ரை தங்கச்சி நான். எனக்கு இல்லாத வருத்தம் உங்களுக்கு என்ன?"

மாமி என் முகத்தைப் பார்த்தா, உங்கள் முகத்தைப் பார்த்தா, முழங்கையை விட்டா. படுத்த தலையில் ஊசி சரியாக ஏறவில்லை. கடைசியில் உங்கள் தலையை இலேசாகத் தூக்கிப் பிடித்தது அந்த மாமிதான். இதை உங்களிடம் உடனே சொல்லத்தான் எனக்கு அவதி, மச்சாள். சொன்னால் எப்படிச் சிரித்திருப்பீர்கள்!

எட்டு முடியும்வரை சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் என் கதைதான் என்று கேள்வி.

உருளைக்கிழங்கு இன்றைக்குக் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. பரவாயில்லை, அந்தத் தூளுக்கு அது பொருந்துகிறது. நேற்று வேலை முடிந்து வரும்போது எங்கள் தெருச் செர்ரி மரமும் பூத்திருந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, எட்டுகிற கொப்பைப் பிடித்து ஓர் உலுப்பு உலுப்பினேன். கீழே ஒருவரும் இல்லை, கல்லுத் தரையில்தான் எல்லாம் விழுந்தது. அழுகை வந்தது, அழுதுகொண்டே திரும்பவும் உலுப்பினேன். முன்வீட்டு மனுசி யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் மச்சாள். நாளைக்கு ஆரின்ரையோ கழுதை காணாமல் போகாமலா விடும்?